மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது, கூடவே அடங்காத பசியையும் கொடுத்தது. நிறுத்திவிடலாமா?

தராசுக்காரன் (தண்டையார்பேட்டை)
ஞாயிறு, இரவு 11.48

மாதவரம் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. போன வாரம் சுமைதூக்குகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் சும்மா ஏறி நின்றேன். 81.4 என்று சிவப்பெழுத்தில் காட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். 81.1. ஏழு மாதத்துக்கு முன் இதே தராசில் 65 இருந்தேன்.

போன வருடம் அப்பா போனபின் எனக்கு மனச்சோர்வு வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கமே கிடையாது. சோற்றைப் பார்த்தால் மண்ணைப் பார்ப்பதுபோல் இருக்கும். மருத்துவர் மிர்டாசபின் 15 மில்லிகிராம் எழுதினார், பிறகு 30 ஆக்கினார். இரண்டே வாரத்தில் தூக்கம் வந்தது. மூன்றாம் மாதம் மகளோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கிற அளவுக்கு ஆளாகிவிட்டேன். அதற்கு அந்த மாத்திரைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பசி! இதைப் பசி என்று சொல்வதே சரியா என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, பதினொன்றுக்கு மாத்திரை போட்டுப் படுப்பேன். பன்னிரண்டே காலுக்கு எழுந்து சமையலறைக்குப் போவேன். விளக்குப் போடுவதில்லை, ஃபிரிட்ஜ் வெளிச்சமே போதும். தட்டு எடுத்தால் சத்தத்தில் மனைவி விழித்துக்கொள்வார் என்று பாத்திரத்திலேயே குளிர்ந்த சோற்றில் மீந்த மத்திக் குழம்பைப் பிசைந்து நின்றபடி தின்பேன். அது முடிந்ததும் மகளின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கரண்டியை விட்டு வெறும் பொடியைத் தின்பேன். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பொடியை நாக்கால் வழித்தபடி இருட்டில் நிற்கும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. “இப்போதுதான் முகத்தில் களை வந்திருக்கிறது” என்கிறார். நான்கு பேண்ட்களில் மூன்று இடுப்பில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மாத்திரை போடாமல் படுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை மருந்துக்கடை
திங்கள், காலை 6.20

நிறுத்தாதீர்கள். மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் இன்றிரவு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவன் அல்லன், 19 ஆண்டாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் பசிக்கு ஒரு பாட்டிலைக் கொண்டே விளக்கம் சொல்லிவிடலாம். “பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறான், பசி எடுக்க ஒரு டானிக் கொடுங்கள்” என்று தாய்மார்கள் வருவார்கள். அந்த டானிக் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். ஏற்பி என்றால் உடம்பின் ரசாயனச் செய்திகள் நுழைகிற கதவு. அது ஹிஸ்டமின் ஏற்பியையும், செரோட்டோனின் ஏற்பிகளில் சிலவற்றையும் அடைக்கிற மருந்து. மிர்டாசபினும் ஏறக்குறைய அந்தக் கதவுகளைத்தான் சாத்துகிறது. அரிப்புக்கு ஏவில் போட்டால் கண்ணைச் சுழற்றுமே, உங்களுக்குத் தூக்கம் வந்ததும் அந்த வழியில்தான். “வயிறு நிறைந்துவிட்டது, போதும்” என்று மூளைக்குச் சொல்லுகிற செரோட்டோனின் ஏற்பி ஒன்று உண்டு, அதன் வாயும் அடைபடுகிறது.

ஆக, நீங்கள் தினமும் இரவு படுக்கப்போகும்போது ஒரு பசி டானிக்கும் குடித்துவிட்டுப் படுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பன்னிரண்டே காலுக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? இதில் அருவருப்புப்பட எதுவும் இல்லை.

இன்னொன்று. 30ஐ நீங்களாகவே பாதியாக உடைத்து 15 ஆக்கினால் பசியும் பாதியாகும் என்று கணக்குப் போடாதீர்கள். ஹிஸ்டமின் வேலை குறைந்த அளவிலேயே நன்றாக நடந்துவிடும். பசி பெரும்பாலும் அப்படியே இருக்கும், மனச்சோர்வுக்கான பலன்தான் குறையலாம்.

அரைத்தூக்கம்
திங்கள், காலை 7.02

எனக்கும் இதேதான். அமிட்ரிப்டிலின். 9 கிலோ. படித்துக்கொண்டிருக்கிறேன்.

ராயபுரத்தான்
திங்கள், காலை 9.35

ஆளாளுக்கு மாத்திரைமேல் பழிபோடுகிறீர்கள். நான் இளமையில் குத்துச்சண்டை பழகியவன். எடைப் பிரிவுக்காக இரண்டே நாளில் மூன்று கிலோ குறைத்துவிட்டுப் போய் மேடை ஏறுவோம். மனக்கட்டுப்பாடு இருந்தால் எல்லாம் முடியும். ஃபிரிட்ஜைத் திறக்கிற கை யாருடைய கை? காசிமேட்டில் வலை இழுக்கிறவனுக்கு மனச்சோர்வு வந்து பார்த்திருக்கிறீர்களா? உட்கார்ந்த வேலைக்காரர்களுக்குத்தான் இதெல்லாம். மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம் வையுங்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தடைக்காலம் 61
திங்கள், காலை 10.10

ராயபுரத்தான் அண்ணா, வலை இழுக்கிறவருக்கு வந்து நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா விசைப்படகில் போனவர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லாரும் வலை பின்னுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். என் அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதலில் “கடலுக்குப் போகாத ஏக்கம்” என்றார்கள். தடை முடிந்து படகுகள் போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வருடம் பிறகு எங்களுக்கு நடந்ததையெல்லாம் இங்கே எழுத விருப்பம் இல்லை. கடல் எவரையும் காப்பாற்றிவிடாது, அவ்வளவுதான்.

எடைப் பிரிவுக்காக இரண்டு நாளில் நீங்கள் இறக்கியது கொழுப்பு அல்ல, வியர்வைத் தண்ணீர். மறுநாளே ஏறியிருக்குமே, நீங்கள் நிறுத்துப் பார்க்கவில்லையா?

ராயபுரத்தான்
திங்கள், காலை 10.31

அப்பா விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன், தங்கை. மன்னிக்கவும். கொள்ளு விஷயத்தில் மாற்றுக் கருத்து இல்லை.

மின்ட் தெரு மருமகள்
திங்கள், பகல் 1.15

“மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்” என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

எனக்குப் பராக்செட்டின். அதன் வகை மாத்திரைகளில் எடை ஏற்றுவதில் பெயர்போனது அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒன்றரை வருடத்தில் எட்டு கிலோ. எங்கள் தெருவில் காலையில் கச்சோரி, மாலையில் முறுக்கு சாண்ட்விச். முறுக்குக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, சட்னி வைத்துக் கொடுப்பார்களே, அதேதான். “வெள்ளரிக்காய்தானே” என்று சொல்லிக்கொண்டு நாளுக்கு இரண்டு. ஒரு கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது தையற்காரர் பழைய அளவையும் புதிய அளவையும் சத்தமாகப் படித்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அன்றே மாத்திரையை நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் வள்ளலார் நகர் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். பஸ் எண்ணைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்கம்பியைத் தொட்டதுபோல் ஒரு வெட்டு. கண்ணைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதே வெட்டு. குமட்டல், தலைச்சுற்றல், எதற்கென்று தெரியாத அழுகை. பக்கத்தில் பூ விற்கிற அம்மா சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும், சில மாத்திரைகளில், குறிப்பாகப் பராக்செட்டினிலும் வென்லாஃபாக்சினிலும், அதிகமாக வரும் என்று மருத்துவர் சொன்னார். மறுபடி ஆரம்பித்து, மூன்று மாதம் படிப்படியாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாறினேன். பாதி எடை இறங்கிவிட்டது. மீதிப் பாதி முறுக்குக் கணக்கில் இருக்கிறது, அதை மாத்திரைமேல் போட மாட்டேன்.

ஓய்வு செவிலி
திங்கள், மாலை 4.40

தம்பி தராசுக்காரா, மனநலப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பதில் சொல்லும் முன் சில கேள்விகள். நோய் வருவதற்கு முன் உங்கள் எடை என்ன? உயரம் என்ன? தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு என்ன? வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்தார்களா? தைராய்டு? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? மிர்டாசபினோடு வேறு மாத்திரை ஏதாவது, முக்கியமாக எடை ஏற்றுகிற ஓலன்சபின், இருக்கிறதா?

தராசுக்காரன்
திங்கள், இரவு 9.25

அம்மா, நோய்க்கு முன் 72. உயரம் 167 செ.மீ. இடுப்பு இப்போதுதான் மகளின் தையல் டேப்பால் அளந்தேன், 98 செ.மீ. ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. வேறு மாத்திரை இல்லை.

நேற்றிரவு மாத்திரை போட்டேன். தூங்கினேன். நடுவில் எழுந்து இரண்டு வாழைப்பழம் தின்றேன், ஹார்லிக்ஸ் பக்கம் போகவில்லை.

ஓய்வு செவிலி
திங்கள், இரவு 10.05

பார்த்தீர்களா, 16 கிலோ என்று பயந்துவிட்டீர்கள். அதில் 7 கிலோ நோய் தின்ற எடை, அது திரும்பி வந்திருக்கிறது. உங்கள் அம்மா முகத்தில் பார்க்கிற களை அதுதான், அவர் சொல்வதில் தவறில்லை. மிச்சம் 9 கிலோதான் நம் வழக்கு.

ஆனால் அந்த 9 கிலோவை லேசாக விடவும் மாட்டேன். உங்கள் உயரத்துக்கு 81 கிலோ என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 29. நம் நாட்டு அளவுகோலில் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல்பருமன். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. நாளைக் காலையே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள்: சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, தைராய்டு. தைராய்டு குறைந்தாலும் மனம் சோரும், எடையும் ஏறும். மாத்திரையைத் திட்டும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த முடிவுகளோடு, எடைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். 72, 65, 81, தேதியோடு. “குண்டாகிவிட்டேன் டாக்டர்” என்று பொதுவாகச் சொன்னால், கூட்ட நேரத்தில் “நடைப்பயிற்சி செய்யுங்கள்” என்ற பதிலோடு முடிந்துவிடும். எண்களைக் காட்டினால் அப்படி அனுப்ப முடியாது. நான் வார்டில் இருந்தவரை மாதம் தவறாமல் எடை எழுதுவேன். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறினால் தாளைச் சிவப்பில் சுழித்து மருத்துவர் மேசையில் முதலில் வைப்பேன். எடை ஏறுவதை ஆரம்பத்தில் பிடித்தால் சுலபம், ஏறியபின் இறக்குவது பெரும்பாடு.

வாய் உலருகிறதா? இந்த மாத்திரைக்கு வாய் உலரும். தாகத்தைப் பசி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அதைவிட மோசம், அந்தத் தாகத்துக்குப் பன்னீர் சோடாவும் ரோஸ் மில்க்கும் குடிப்பது.

தராசுக்காரன்
திங்கள், இரவு 10.22

உலருகிறது. கிடங்கு வாசலில் பன்னீர் சோடா, நாளுக்கு இரண்டு. டீ நான்கு. எப்படித் தெரிந்தது?

கொருக்குப்பேட்டை மருந்துக்கடை
செவ்வாய், காலை 6.15

டீக்குக் கணக்குப் போடுவோம். ஒரு டீயில் இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை, கரண்டிக்கு 4 கிராம். நான்கு டீக்கு 32 கிராம். உலக சுகாதார அமைப்பு, சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நீங்கள் சோறு கண்ணில் படும் முன்பே அதைத் தாண்டிவிடுகிறீர்கள். சோடா இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

வியாசர்பாடி பர்மா காலனி
செவ்வாய், காலை 8.50

ஃப்ளுஆக்செட்டின் போட்டால் எடை குறையும் என்று என் மைத்துனன் சொன்னான். அதைக் கேட்டு வாங்கிவிடலாமே? பூப்ரோபியான் என்று ஒன்றும் இருக்கிறதாமே? இல்லாவிட்டால் இப்போது பெரிதாகப் பேசுகிறார்களே, அந்த எடை குறைக்கும் ஊசி?

கொருக்குப்பேட்டை மருந்துக்கடை
செவ்வாய், பகல் 2.30

மைத்துனன் சொன்னதில் பாதி சரி. ஃப்ளுஆக்செட்டின் ஆரம்ப மாதங்களில் சிலருக்குப் பசியைக் குறைக்கும், போகப்போக அந்தப் பலன் தேய்ந்துவிடும். பூப்ரோபியான் எடை விஷயத்தில் மற்றவற்றைவிட நல்ல பிள்ளை. ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் ஆகாது. தூக்கமே வராதவருக்கு அது இன்னும் தூக்கத்தைக் கெடுக்கலாம். தராசுக்காரருக்கு முதலில் கெட்டது தூக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசம் எவ்வளவு என்று 2024இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மனச்சோர்வு மருந்தைப் புதிதாகத் தொடங்கிய 1,83,118 பேரின் எடையைப் பார்த்தார்கள். எஸ்சிட்டலோபிராம் போட்டவர்கள் செர்ட்ராலின் போட்டவர்களைவிட ஆறு மாதத்தில் சராசரியாக 0.41 கிலோ அதிகம் ஏறினார்கள். பூப்ரோபியான்காரர்கள் செர்ட்ராலின்காரர்களைவிட 0.22 கிலோ குறைவு. சராசரியில் பார்த்தால் இவ்வளவுதான். இந்த மூன்றுக்குள் மாற்றிக்கொண்டு பத்துக் கிலோ இறங்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். மிர்டாசபினும் அமிட்ரிப்டிலினும் வேறு சாதி. அவற்றிலிருந்து மாறினால் பசியில் வித்தியாசம் தெரியும்.

ஊசி: மவுஞ்சாரோ, வெகோவி இரண்டும் 2025இல் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது, மனநல மருத்துவருக்குத் தெரியாமலும் கூடாது. விலையைக் கேட்டுவிட்டு என் கடைக்கு எதிரே உள்ள திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர்கள் உண்டு.

சீட்டுக் காட்டாமல் இவற்றில் எதையும் என்னிடம் கேட்காதீர்கள். மைத்துனன் வந்தாலும் கொடுக்க மாட்டேன்.

அரைத்தூக்கம்
செவ்வாய், இரவு 12.55

எல்லாரும் கணக்குப் பேசுகிறீர்கள். எனக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. தெருவில் யாராவது “என்ன இப்படி ஊதிவிட்டாய்” என்று கேட்பார்கள் என்று பதினைந்து நாளாக வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. மாத்திரை போட்டால் உடம்பு போகிறது, போடாவிட்டால் மனம் போகிறது. இதற்கு இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது.

ஓய்வு செவிலி
செவ்வாய், இரவு 1.08

கண்ணு, நான் விழித்திருக்கிறேன். “இல்லாமலே போய்விடலாம்” என்று எழுதியதைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவர்களை எழுப்பு. திட்டினாலும் பரவாயில்லை, எழுப்பி, பக்கத்தில் உட்காரச் சொல். மாத்திரைப் பட்டைகளை அவர்கள் கையில் கொடுத்துவிடு. அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கும் மருந்து, அது உன் தலைமாட்டில் இருக்க வேண்டாம். பிறகு 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104இலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அதிகமானால் விடியும்வரை காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போகச் சொல். பேசியதும் இங்கே ஒரு வார்த்தை எழுது. அதுவரை நான் படுக்கப்போவதில்லை.

அரைத்தூக்கம்
செவ்வாய், இரவு 1.52

அக்காவை எழுப்பினேன். பட்டையை வாங்கி அவள் பையில் வைத்துக்கொண்டாள். 14416இல் ஒருவர் பேசினார், இருபது நிமிடம். காலையில் அக்கா மருத்துவரிடம் கூட்டிப்போகிறாள். நீங்கள் தூங்குங்கள் அம்மா.

தடைக்காலம் 61
புதன், காலை 7.30

அரைத்தூக்கம், தெருவுக்கு வர யோசனையாக இருந்தால் சொல்லுங்கள். எந்தத் தெரு என்று இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்க என்னோடு வரலாம். அந்தக் கூட்டத்தில் சங்கரா மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், எவர் ஊதியிருக்கிறார் என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்காது.

அவருடைய சமையற்காரி
புதன், பகல் 11.20

நான் மாத்திரை போடுகிறவள் அல்ல, போடுகிறவரின் மனைவி. தராசுக்காரரின் மனைவி விழித்துக்கொள்ளக்கூடாது என்று இருட்டில் நிற்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் அநேகமாக விழித்துத்தான் இருப்பார், தம்பி. நானும் விழித்துக்கொண்டு படுத்திருந்தவள்தான். மூடியின் சத்தம் எங்களுக்குக் கேட்காதா?

முதலில் திட்டினேன். அவர் தெரு முனையில் பேஜோ என்ற பர்மாப் பலகாரத்தைத் தின்றுவிட்டு வந்து “பசியில்லை” என்று வீட்டில் நடித்தார். பிறகு உணவை ஒளித்துவைத்தேன், தேடி எடுத்தார். ஒருநாள் பேசினோம். பசிக்கு ஏதாவது வைத்துவிடு, வெறும் ஃபிரிட்ஜைக் காட்டாதே என்றார்.

இப்போது இரவு ஒன்பது மணிக்கே மீந்த சோற்றில் தண்ணீரை ஊற்றிவிடுவேன். தண்ணீர் ஊற்றிய சோற்றை நடு இரவில் பிசையத் தோன்றாது. காலையில் அதுவே பழையது, சின்ன வெங்காயத்தோடு. குழம்பைத் தனியாக மூடி ஃபிரிட்ஜின் பின்பக்கம் தள்ளிவிடுவேன். முன்னால் இரண்டு அவித்த முட்டையும், ஒரு கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும், ஒரு சொம்பு மோரும் இருக்கும். எழுந்தால் அது அவருடையது, யாரும் கேட்க மாட்டோம். விளக்கைப் போட்டுக்கொண்டு, தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. உட்கார்ந்து தின்றால் குறைவாகத்தான் இறங்குகிறது, ஏனென்று எனக்குத் தெரியாது.

ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பிள்ளைகள் அறை அலமாரியில் பூட்டுங்கள். சாவி மகளிடம் இருக்கட்டும்.

வியாசர்பாடி பர்மா காலனி
புதன், இரவு 8.45

பேஜோவைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. தின்னும் ஆள் இல்லாவிட்டால் எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தொழில் என்ன ஆவது. வாழைத்தண்டு சூப்பை மட்டும் குடிக்கச் சொல்லுங்கள், சூடாக ஒரு கிண்ணம் குடித்தால் வயிறு அடங்கும். மேலே பொரித்ததை அள்ளித் தூவாமல் கேட்டு வாங்கினால் போதும்.

தராசுக்காரன்
வியாழன், இரவு 9.10

சகோதரி எழுதியதை மனைவியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஹார்லிக்ஸ் எப்படித் தீர்கிறது என்று எனக்குத் தெரியாதா” என்றார். ஏழு மாதமாகத் தெரியுமாம்.

எல்லாரும் நடக்கச் சொல்கிறீர்கள். எங்கே நடப்பது? எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. எங்கள் தெருவில் பைக் நிறுத்தியது போக மீதியிடத்தில் ஆட்டோ.

மின்ட் தெரு மருமகள்
வியாழன், இரவு 9.40

மொட்டை மாடி. நான் அங்கேதான் நடக்கிறேன், கொடியில் காயும் புடவைகளுக்கு நடுவே. ஒரு சுற்று 40 தப்படி. சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைப்பேன், 60 கொட்டை சேர்ந்தால் கீழே இறங்குவேன். பக்கத்து மாடியில் பட்டம் விடுகிற பையன்கள் முதலில் சிரித்தார்கள், இப்போது எண்ணிக்கை தவறினால் அவர்களே சொல்கிறார்கள்.

ராயபுரத்தான்
வியாழன், இரவு 10.15

ராபின்சன் பூங்கா இருக்கிறதே. 1949இல் தி.மு.க.வைத் தொடங்கிய இடம். காலை ஐந்தரைக்கு நான் அங்கேதான் இருப்பேன். ஒரு கட்சியையே அங்கே தொடங்கியிருக்கிறார்கள், நீங்கள் ஒரு நடையைத் தொடங்கக்கூடாதா? வந்தால் குத்துச்சண்டைக்காரன் எப்படிக் கயிறு தாண்டுவான் என்று காட்டுகிறேன். மூட்டு வலிக்கும் என்றால் கயிறு வேண்டாம், நடந்தால் போதும்.

தராசுக்காரன்
மறு வாரம் சனி, மாலை 6.30

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். செவிலி அம்மா சொன்ன தாளை எடுத்துப்போனேன். அவர் அதை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். “இதை நீங்கள் மூன்றாம் மாதமே கொண்டுவந்திருக்கலாம்” என்றார். அவரும் மூன்றாம் மாதம் கேட்டிருக்கலாம்தான், அதை நான் சொல்லவில்லை.

தைராய்டு சரியாக இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, மூன்று மாதச் சராசரி 5.9. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார். மனச்சோர்வு சரியானபிறகும் முதல் முறை வந்தவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், எனக்குச் சரியாகி நான்கு மாதம்தான் ஆகிறது, அதனால் நிறுத்தும் பேச்சே இப்போது இல்லை என்றார். செர்ட்ராலினைக் காலையில் குறைந்த அளவில் தொடங்கி, மிர்டாசபினைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து எடுக்கப்போகிறார். தூக்கம் கெட்டால் உடனே வரச் சொன்னார். அதுவரை இரவு மாத்திரையை ஒன்பது மணிக்கே போடச் சொன்னார், பசி எழும் முன் நான் தூங்கிவிட வேண்டுமாம்.

கொருக்குப்பேட்டை மருந்துக்கடை
மறு வாரம் சனி, இரவு 7.05

நல்ல திட்டம். முதல் பத்து நாள் குமட்டலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பயப்படாதீர்கள், செர்ட்ராலினுக்கு அது வழக்கம், பெரும்பாலும் தானே அடங்கும். சாப்பிட்டபிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும்.

அரைத்தூக்கம்
மறு வாரம் ஞாயிறு, பகல் 12.40

காசிமேட்டுக்குப் போய்வந்தேன். அரைக் கிலோ நெத்திலி. எனக்கு மருத்துவர் மாத்திரையை மாற்றுகிறார், அக்கா எண்ணித் தருகிறாள். தடைக்காலம் அக்கா விலை பேசினால் மீன்காரர்கள் நடுங்குகிறார்கள்.

தராசுக்காரன்
ஆறு வாரம் கழித்து, இரவு 8.50

78.6. அதே தராசு, செருப்பில்லாமல். மிர்டாசபின் போய்விட்டது. கடைசி வாரம் இரண்டு இரவு தூக்கம் அரைகுறையாக இருந்தது, இப்போது சரி. வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ இன்னும் எழுகிறேன். விளக்கைப் போட்டு, தட்டில் சுண்டல் போட்டு உட்காருவேன். சில நாள் மனைவியும் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறார், என் தட்டிலிருந்தே நாலு கடலையை எடுத்துத் தின்கிறார். டீயில் சர்க்கரை ஒரு கரண்டியாகிவிட்டது. பன்னீர் சோடாவை விட முடியவில்லை, ஞாயிறு மட்டும். ராபின்சன் பூங்காவுக்கு ஒன்பது நாள் போனேன். கயிறு தாண்டவில்லை.

ராயபுரத்தான்
அதே இரவு, 9.20

அதெல்லாம் இருக்கட்டும். கொள்ளு ரசம் வைத்தீர்களா, இல்லையா?

தராசுக்காரன்
அதே இரவு, 9.26

வைத்தோம் அண்ணா. பூண்டு தட்டிப் போட்டு, மனைவி அருமையாக வைத்தார். இரண்டு கரண்டிச் சோறு கூடுதலாகப் போய்விட்டது.